ஆறுதலாக நடக்கும் மாப்பிள்ளை

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால் என்னை ஆஸ்பத்திரிக்குள் விடுவார்கள். குழந்தையைத் தூக்கவும் விடுவார்கள். ஆனால் என்ன பெயர் வைக்கலாம் என்று யாராவது வாயைத் திறந்ததும், இன்னொருவர் என் கையில் பையைத் திணித்து, பாண் வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிடுவார். இதுவரை ஒன்பது குழந்தைகளுக்கு ஒன்பது தடவை பாண் வாங்கியிருக்கிறேன். எனக்குக் கோபமில்லை. நான் செய்த வேலைக்கு இது மிகவும் இலேசான தண்டனை.

நான் ஒரு காலத்தில் பெயர் ஆராய்ச்சியாளனாக இருந்தேன். (பட்டம் நானே கொடுத்துக்கொண்டது. வேறு யாரும் கொடுக்க முன்வரவில்லை.)

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு வயது இருபத்துமூன்று. எங்கள் வீடு தலவில கோவிலுக்குப் பக்கத்தில், கடற்கரையோரம். அப்பா கடல் தொழில் செய்பவர். அவருடைய ஒரே மகனான நானோ வள்ளத்தில் ஏறி நங்கூரத்தைத் தூக்குவதற்கு முன்பே வாந்தி எடுப்பவன். "இவனைக் கொண்டுபோனா மீன் வராது, வாந்தி மட்டும்தான் வரும்" என்று அப்பா என்னைக் கரையில் இறக்கிவிட்டார். அதனால் புத்தளம் டவுனில் ரம்சி நானாவின் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்யும் வேலைக்குப் போனேன். (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்.)

ரம்சி நானாவுக்கு அந்த வருடம் மகள் பிறந்தாள். பெயர் வைப்பதற்கு மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். மௌலவியிடம் கேட்டார், மாமனாரிடம் கேட்டார், ஒரு கிழமை கழித்து 'நூருல் ஹுதா' என்று முடிவு செய்தார். நேர்வழியின் ஒளி என்று பொருளாம். சந்தோசத்தில் எனக்கு ஒரு கோப்பை பிளேன்டி வாங்கித் தந்துவிட்டுக் கேட்டார்:

"உன்ட பேருக்கு என்ன மஃனா தம்பி?"

"பிளேசியஸ் எண்டது ஒரு புனிதர், நானா. தொண்டை நோவுக்கு அவரிட்டத்தான் வேண்டுவாங்க."

"அது அவருட வேலை. நான் பேருக்கு மஃனா கேக்கிறன்."

எனக்குத் தெரியவில்லை.

"செரி, பெர்னாண்டோ எண்டா?"

"அது போர்த்துக்கீசன் தந்துட்டுப் போனது, நானா."

"தரக்குள்ள என்னண்டு கேட்டு வாங்கல்லியா?"

முந்நூறு நானூறு வருடமாக எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. அச்சகத்துக் கணினியில் இணையத்துக்கு ஒரு டொங்கிள் இருந்தது. அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலைக்கூடப் பிரிக்காமல் தேடினேன். பெர்னாண்டோ என்றால் துணிச்சலான பயணி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தத் துணிச்சலான பயணி பின்னேரம் கற்பிட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து, வழமைபோல் பாலாவிச் சந்திக்குக் கிட்டே தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தான் என்பதையும் உண்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு என் கரைச்சல் ஊருக்குத் தாங்கவில்லை. கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் பெயர்விளக்கம் சொன்னேன். பெரேரா மேசனுக்கு அவர் ஒரு பேரி மரம் என்றேன். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பித்த செசிலியா டீச்சரைக் கோவில் வாசலில் மறித்து, "டீச்சர், உங்கட பேருக்கு அர்த்தம் குருடு" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "அப்பவே உன்னை பெயிலாக்கியிருக்க வேணும், எனக்குக் கண் தெரியாமத்தான் போச்சு" என்றார். அன்றைக்கு ஒரு பாடம் படித்தேன். வாயை மூட வேண்டும் என்ற பாடமாக அது இருந்திருக்கலாம். நான் படித்ததோ, அர்த்தத்தைப் பச்சையாகச் சொல்லக்கூடாது, கொஞ்சம் அழகுபடுத்திச் சொல்ல வேண்டும் என்பது.

வீட்டிலும் விடவில்லை. "இந்த வெள்ளைக்காரன் பேரை எறிஞ்சுபோட்டு நல்ல தமிழ்ப் பேரா வைப்பம் அப்பா" என்று ஒருநாள் சோறு தின்னும்போது சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "சண்டை நேரம் கொழும்புக்குப் போகக்குள்ள உன்ட அடையாள அட்டையை வாங்கி என்ன பேர் வாசிச்சான் ஆமிக்காரன்?"

"பெர்னாண்டோ."

"வாசிச்சிட்டு?"

"யன்ன எண்டான். போகச் சொல்லி."

"பின்னால இருந்த பொடியன்ட பேர் வேற. அவனுக்கு யன்ன எண்டானா? இறக்கி எடுத்தாங்களா இல்லியா? பேரை எறியிறாராம். தின்னு."

அந்தப் பொடியனின் முகம் ஞாபகம் வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை.

இந்த நேரத்தில்தான் டொலி அக்காவின் கலியாணம் பேச்சுக்கு வந்தது. அக்காவின் முழுப்பெயர் மேரி டொலோரஸ். வயது இருபத்தொன்பது. அதற்கு முன் மூன்று இடம் பேசி மூன்றும் கைகூடவில்லை. மூன்றாவது தட்டிப்போன அன்று அக்கா வீட்டிலிருந்த எல்லாத் திரைச்சீலைகளையும் கழற்றித் துவைத்துப் போட்டாள். அம்மா அதைப் பார்த்து அழுதார். ஆகவே, சிலாபத்திலிருந்து இந்த நாலாவது சம்பந்தம் வந்தபோது வீட்டில் எல்லோரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

மாப்பிள்ளை குளோடியஸ் டி சில்வா. அவருடைய அப்பா லியோ சம்மாட்டி நாலு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். மரியாதை விசயத்தில் ஆள் பட்டாசு. பெண் பார்க்க வான் வண்டியில் வந்து, வாசற்படியோடு ஒட்டி அதை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை இறங்கியதும் இரண்டு மாமாக்கள் ஆளுக்கொரு பக்கம் தோளில் கை போட்டு, அணைத்தபடியே கூட்டிவந்து கதிரையில் இருத்தினார்கள். போகும்போதும் அப்படியே அணைத்துக் கூட்டிப்போனார்கள்.

"என்ன பாசமான குடும்பம் பாத்தியா" என்று அம்மா கண் கலங்கினார்.

எல்லாம் பொருந்திவந்தது. நாள் குறித்தார்கள். அழைப்பிதழ் (எங்கள் பேச்சில் 'காட்') அடிக்கும் பொறுப்பு யாருக்கு? அச்சகத்தில் வேலை செய்பவனுக்குத்தானே!

ஊர் உலகம் அடிப்பது போன்ற சாதாரண அட்டையா நான் அடிப்பேன்? இந்தக் கரையில் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய முடிவெடுத்தேன். ஒவ்வொரு பெயரோடும் அதன் பொருளைச் சேர்த்து, அட்டையே ஒரு இலக்கியமாக இருக்க வேண்டும். டி சில்வா என்றால் காட்டைச் சேர்ந்தவர். 'காட்டான்' என்று போட முடியாது, அந்த அறிவு எனக்கு இருந்தது. 'கானகத்து வழிவந்த' என்று போட்டேன். டொலோரஸ் என்றால் துன்பங்கள். அதையும் அழகுபடுத்தினேன். குளோடியஸ்தான் கொஞ்சம் சிக்கல் கொடுத்தது. அந்தப் பெயருக்கு நொண்டி என்று பொருள். கலியாண வீட்டில் இதை எப்படிச் சொல்வது? இரண்டு நாள் யோசித்தேன். நொண்டுகிறவர் எப்படி நடப்பார்? ஆறுதலாக, அவசரப்படாமல் மெதுவாக நடப்பார். கிடைத்துவிட்டது! துள்ளிக் குதித்தேன்.

அட்டையில் தங்க நிற எழுத்தில் இப்படி இருந்தது:

'கானகத்து வழிவந்த லியோ டி சில்வா தம்பதியரின் செல்வ மகன், ஆறுதலாக நடக்கும் குளோடியஸ் அவர்களுக்கும், அலைகடலுக்கு அஞ்சாத துணிச்சல்மிகு பயணி மனுவேல் பெர்னாண்டோ தம்பதியரின் செல்வ மகள், துன்பங்களைத் தாங்கப் பிறந்த மேரி டொலோரஸ் அவர்களுக்கும்...'

ரம்சி நானா தாளை விளக்குக்குக் கிட்டே பிடித்து இரண்டு தரம் வாசித்தார். "தம்பி, இது செரியா வருமா? ஊட்டாக்களுக்குக் காட்டினியா?"

"ஓம், நானா" என்றேன்.

(வீட்டில் காட்டவில்லை. முதல் அட்டையைக் கையில் கொடுத்து அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பிளந்தார்கள்தான்.)

மாப்பிள்ளை வீட்டாருக்கான கட்டைப் புத்தளத்திலிருந்து போகும் சிலாபம் பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். எங்களுடைய கட்டை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டில் பிரிப்பதாகத் திட்டம். அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் வான் வந்து நின்ற சத்தம் கேட்டது. 'பாராட்ட வந்துட்டாங்க' என்று நினைத்து நான் சேர்ட்டுக் கொலரைச் சரிசெய்துகொண்டேன்.

லியோ சம்மாட்டி செருப்போடு உள்ளே வந்தார். பின்னால் அந்த இரண்டு மாமாக்கள். சம்மாட்டியின் கையில் அட்டை.

"இந்தக் காட்டை எழுதினது யாரு?"

"எந்தக் காடு?" என்று கேட்டார் அப்பா. பாவம், அவர் அதுவரை அட்டையைப் பார்த்ததில்லை.

"காடா? ஓம், காடுதான்! எங்களுக்குக் காட்டு வழிவந்தாக்கள் எண்டு போட்டிருக்கு! என்ட பாட்டா ஆனமடுப் பக்கம் விறகு வெட்டினவர்தான், இல்லையெண்டு சொல்லல்ல. சிலாபத்தில எங்களுக்கு ஆகாத ஆக்கள் இதைச் சொல்லித்தான் எங்களை இறக்கிக் கதைக்கிறாங்க. அவங்களோட சேந்துட்டீங்களா நீங்களும்? உங்களுக்கு மட்டும் துணிச்சல்மிகு பயணியாம்!"

"சம்மாட்டி, இரிங்க, இருந்து கதைப்பம்..."

"அதைக்கூட விடுவம். என்ட பிள்ளைட காலைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னது? தெரிஞ்சா எங்களிட்ட நேரா கேட்டிருக்கலாமே? ஆறுதலாக நடக்கும் எண்டு இருநூறு பேருக்குத் தங்க எழுத்தில அடிச்சு அனுப்புறதா? நான் வாசிக்க முந்தியே பொடியன்கள் கட்டைப் பிரிச்சு வீடு வீடாக் குடுத்து முடிச்சிட்டாங்க!"

அம்மாவின் கையிலிருந்த கேத்தல் அந்தரத்தில் நின்றது.

"கால்?" என்றார் அப்பா. "என்ன கால்?"

சம்மாட்டி மாமாக்களைத் திரும்பிப் பார்த்தார். மாமாக்களில் ஒருவர் மெல்லப் பின்வாங்கி வாசல்பக்கம் போனார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விசயம் வெளியே வந்தது. போன வருடம் மோட்டார் சைக்கிளால் விழுந்து மாப்பிள்ளைக்கு இடது காலில் முறிவு. எலும்பு பொருந்தியபோது கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. தெரிந்தால் பெண் தரமாட்டார்கள் என்று வீட்டார் மறைத்துவிட்டார்கள். அந்தத் தோளணைப்பு பாசமே இல்லை, முட்டுக்கொடுப்பு!

இப்போது அப்பாவின் முறை. "அப்ப எங்களை ஏமாத்திக் கலியாணம் செய்யப் பாத்திருக்கிறீங்க!"

"நீங்க எங்களை ஊர் முழுக்க நக்கலடிச்சிருக்கிறீங்க!"

"எனக்குத் தெரியவே தெரியாதே! டேய் பிளேசியஸ், இங்க வா! என்னடா இது?"

என்னிடம் விளக்கம் தயாராகத்தான் இருந்தது. லத்தீன், போர்த்துக்கீசம், கணினியில் எடுத்த பிரதி எல்லாம் இருந்தன. வாய்தான் வேலை செய்யவில்லை.

"அ... அது... பே... பேருக்கு... அர்... அர்த்தம்... கு... குளோடியஸ் எண்டா... நொ... நொ..."

"நொ?" என்றார் சம்மாட்டி.

"நொ... நொ... நொண்டி" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பாதிதான் ஞாபகம். அப்பாவின் கை என் கன்னத்தில் பட்டது ஞாபகம். சம்மாட்டி அட்டையைக் கிழித்தது ஞாபகம். "இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொன்னதும் ஞாபகம். அந்தக் கலியாணப் பேச்சில் இரு வீட்டாரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

நான் அக்காவின் அறைப்பக்கம் பார்த்தேன். திரைச்சீலை அசைந்தது. ஐயோ, திரும்பவும் திரைச்சீலைகளைக் கழற்றப்போகிறாள், இந்தத் தடவை அதற்குக் காரணம் நான், என்று நினைத்தேன். செத்துப்போனால் நல்லது போலிருந்தது.

அக்கா திரையைக் கழற்றவில்லை. விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எனக்கு அவருட காலைப் பத்தித் தெரியும்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தலவில திருநாளில கண்டன். சுரூபத்தை ஊர்வலமாக் கொண்டுபோகக்குள்ள, பின்னால மணலில நடந்து வந்தார். எல்லாரும் அவரை முந்திக்கொண்டு போனாங்க. அவர் ஆறுதலாத்தான் வந்தார். அதாலதான் எனக்கு முகத்தை வடிவாப் பாக்க நேரம் கிடைச்சது."

அக்கா அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதேயில்லை.

"ஏன் பிள்ளை எங்களிட்ட சொல்லல்ல?" என்றார் அம்மா.

"சொன்னா வேணாம் எண்டிருப்பீங்க. அண்டைக்கு மாமாமார் பிடிச்சுக்கொண்டு வரக்குள்ள, விழுத்திப்போடப் போறாங்க எண்டு எனக்குத்தான் பயமா இருந்தது."

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வானுக்குள்தான் இருந்திருக்கிறார். இறங்காதே என்று சம்மாட்டி சொல்லிவிட்டு வந்தாராம். இறங்கிவிட்டார். வாசல்பக்கம் நின்ற மாமா பழக்கதோசத்தில் தோளில் கை போடப் போக, "விடுங்க மாமா" என்று தள்ளிவிட்டுத் தனியே நடந்து வந்தார். வானிலிருந்து அக்கா நின்ற இடம் பத்து அடிகூட வராது. ஆனால் எங்களுக்கு அவரை நன்றாகப் பார்க்க நேரம் கிடைத்தது.

அவர் நேரே என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து, மிச்சமிருந்த கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

"நீங்களா எழுதினது?"

"ஓ... ஓம்."

"ஒரு வருசமா எங்கட வீட்டில ஒருத்தரும் இதைப் பத்தி வாய் திறக்கல்ல தம்பி. பிடிச்சுப் பிடிச்சு நடத்தினாங்க. எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. இப்ப இருநூறு பேருக்குத் தெரியும். நிம்மதியா இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணி நின்றது.

பிறகு அக்காவைப் பார்த்து, "துன்பத்தைத் தாங்கப் பிறந்தது நீங்களா?" என்று கேட்டார்.

"இவன் எனக்குத் தம்பியா வந்த பிறகு, ஓம்" என்றாள் அக்கா.

முதலில் சிரித்தது லியோ சம்மாட்டிதான். மனிதர் சிரிக்கத் தொடங்கியதும் அப்பாவும் சிரித்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றினார். எனக்கு மட்டும் தரவில்லை.

புது அட்டை அடிக்க வேண்டும் என்று சம்மாட்டி உத்தரவிட்டார். எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்து, ஒவ்வொரு பெயருக்குக் கீழும் கையெழுத்து வைத்தார். ஆனால் பழைய அட்டை அதற்குள் சிலாபம் முழுக்கச் சுற்றிவிட்டது. கலியாணத்தன்று கோவில் நிரம்பி வழிந்தது. பாதிச் சனம் மாப்பிள்ளையின் நடையைப் பார்க்கத்தான் வந்திருந்தது. அவரும் ஏமாற்றவில்லை. வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நடந்தார். கோவில் வாசலிலிருந்து பீடம் வரை அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் போய்ச் சேர்வதற்குள் பாட்டுக்குழு ஒரே பாட்டை இரண்டு தரம் பாடிவிட்டது. அன்றிலிருந்து அவர் ஊருக்கே 'ஆறுதல் அத்தான்'. புது வள்ளம் இறக்கியபோது அதற்கும் 'ஆறுதல்' என்றே பெயர் எழுதினார். "எனக்கு ஆறுதல் இவர்தான், வள்ளமில்ல" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாலு வருடம் கழித்து என் கலியாணம் வந்தது. "காட் வேலையை எங்கட பொறுப்பில விடுங்க, மச்சான். நீங்க மாப்பிள்ளை, ஓடித்திரியக் கூடாது" என்றார் அத்தான். நல்ல மனிதர், எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். அட்டை வந்தது. பெயர், நாள், கோவில், எல்லாம் ஒழுங்காக இருந்தது. எனக்கே கொஞ்சம் சப்பென்றிருந்தது.

கலியாணத்தன்று பீடத்துக்கு முன் நிற்கிறேன். பின்னால் இத்தனை சனமும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. கலியாணப் பூசையில் இவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை, என்ன பக்தி என்று நெகிழ்ந்துபோனேன். சுவாமி என்னைப் பார்த்து, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"ஓ... ஓம்" என்றேன்.

கோவில் முழுக்க வெடித்துச் சிரித்தது. பாட்டுக்குழு சிரித்தது. செசிலியா டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். என் பக்கத்தில் நின்ற மணப்பெண்ணும் முக்காட்டுக்குள் குலுங்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் ரம்சி நானா அழைப்பிதழால் விசிறிக்கொண்டு நின்றார். அந்த அட்டை என்னிடமிருந்த அட்டை மாதிரி இருக்கவில்லை. தங்க எழுத்து. பறித்து வாசித்தேன். 'எதையும் திக்கித் திக்கிச் சொல்லும் பிளேசியஸ் அவர்களுக்கும்...'

அத்தான் இணையத்தில் தேடியிருக்கிறார். பிளேசியஸ் என்றால் லத்தீனில் திக்குவாயன்.

"நானா, இதை... இதை நீங்களா அடிச்சீங்க?"

"நான்தான். உனக்கெண்டு ஒரே ஒரு காட் புறம்பா அடிச்சம்."

"ஊட்டாக்களுக்குக் காட்டாம எப்பிடி நானா அடிப்பீங்க?"

ரம்சி நானா அட்டையை என்னிடமிருந்து வாங்கி, மடிப்பை நீவிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"உன்னை மாதிரி எண்டு நினைச்சியா? இந்த முறை உன்ட வாப்பா, உம்மா, ராத்தா, மச்சான், பொண்ணு ஊட்டாக்கள், எல்லாருக்கும் காட்டி ஓம் எண்ட பொறகுதான் அடிச்சன். உனக்கு மட்டும்தான்டா தம்பி காட்டல்ல."